ஒலிபெருக்கியில் தம்பியின் பெயர்

2008 வைகாசி, சனி இரவு

கிரானில் கூத்து அரங்கேற்றம் பார்த்துவிட்டு மாமா வீட்டுக்குத் திரும்பினோம். தம்பி திரௌபதையாக ஆடினான். அவனைப் பிடித்துப்போக எங்கள் வீட்டுக்குத் துவக்கோடு ஆட்கள் வந்த பிறகு, இங்கே வேறு பெயரில், மாமாவின் மகனாக இருக்கிறான். பெண் வேடத்தில் எவருக்கும் அடையாளம் தெரியாது என்று அவனை ஆட விட்டது நான்தான்.

ஆடுகிறவர்களுக்கு உறவினர் சால்வை போர்த்துவது வழக்கம். அம்மாவும் எழுந்துபோய்ப் போர்த்தினார். யாருக்கு யார் போர்த்துகிறார் என்று அறிவிப்பாளர் கேட்க, எங்கள் ஊரையும் அவனுடைய சொந்தப் பெயரையும் சொல்லிவிட்டார். அது இரண்டு தரம் ஒலிபெருக்கியில் கேட்டது. தம்பிக்கு ஒரு தாளம் பிசகியது.

"ஏனம்மா சொன்னீங்க?"

"பெத்த புள்ளைக்குப் போர்த்திப்போட்டு ஆர்ட பேரைச் சொல்லுற? அண்ணன்ட மகன் எண்டா அண்ணன்ட பொஞ்சாதி மச்சாளெல்லோ போர்த்தியிருக்கணும்."

பெயர் வெளியே வந்துவிட்டதால், விடியுமுன் மாமா அவனை ஒளித்துவைக்க உன்னிச்சைக்குக் கூட்டிப்போகிறார். "இந்த முகத்தோடயே போறனக்கா, பொம்புளையெண்டு விட்டுடுவானுகள்" என்றான் தம்பி. அம்மாகூடச் சிரித்தார்.

இப்போது முகப்பூச்சோடே தூங்குகிறான். துடைக்கத் தேங்காயெண்ணெய் எடுத்து வைத்திருக்கிறேன். எழுப்ப வேண்டும். எழுப்பினால் போய்விடுவான்.