மாப்பிள்ளையும் நான்கு ஸ்பிரிங்குகளும்

மார்ச் 5, செவ்வாய்

கடைக்குப் பிளாஸ்டிக் நாற்காலி லோடு வந்து இறங்கியது. கால் விரிந்ததையெல்லாம் அப்படியே திருப்பி அனுப்பினேன்.

மகள் இன்றும் மாடியை விட்டு இறங்கவில்லை. பெட்டியோடு வந்து மூன்று வாரமாகிறது. மாப்பிள்ளைக்கு வெளியூருக்கு மாற்றல். சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர் இவளிடம் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் இவளுக்கே தெரியும்.

"சண்டை போட்டாக்கூடப் பரவால்லப்பா. அந்த மனுஷன் வாயே தொறக்கிறதில்ல" என்கிறாள். வாய் திறக்காதது ஒரு குற்றமா? எனக்குப் புரியவில்லை.

மார்ச் 6, புதன்

வழி கிடைத்துவிட்டது. ஆசைக்கு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் ஷெட்டில் தூசி தின்கிறது. கார் என்றால் மட்டும் மாப்பிள்ளைக்குப் பேச்சு வரும். "ரெண்டு விரல் எறக்கினா ரோட்டோட ஒட்டி ஓடும் மாமா" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறார். வண்டியைத் தாழ்த்தக் குட்டை ஸ்பிரிங் நான்கு ஆர்டர் போட்டேன். மாட்டுவதற்கு ஆள் வேண்டுமே! வியாபாரத்தில் போலத்தான், ஆள் உள்ளே வந்துவிட்டால் மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

மார்ச் 8, வெள்ளி

"வரேன் மாமா." போனில் அவ்வளவுதான்.

மகளிடம் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். என் மனைவி பார்த்த பார்வை — விடு.

மார்ச் 10, ஞாயிறு

வந்தார். ஸ்பிரிங்கைக் கொக்கி போட்டு அமுக்கும்போது பார்க்கவே பயமாக இருந்தது. பிடி நழுவினால் மண்டை போய்விடும். தள்ளி நில்லுங்கள் என்று சொல்லவில்லை, எனக்கும் அதற்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். நல்ல மனுஷன்தான்.

வண்டி ஸ்டாண்டின் மேல் அந்தரத்தில் இருக்க, போல்ட்டையெல்லாம் நானே மூச்சைப் பிடித்து இறுக்கினேன். ஏதோ சொல்ல வந்தவர் போலத் தெரிந்தது.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல மாமா."

மகள் இறங்கவே இல்லை.

மார்ச் 13, புதன்

குழிக்குக் குழி கிறீச் கிறீச். வண்டி சரியாக இறங்கவும் இல்லை. சிக்னலில் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

மாப்பிள்ளையை மறுபடி வரச் சொன்னேன். குனிந்து பார்த்தார்.

"சக்கரம் தொங்கும்போது இறுக்கினா உள்ள இருக்கிற ரப்பர் முறுக்கிக்கும் மாமா. கீழ எறக்கி, வெயிட்டு ஒக்காந்தப்புறம்தான் இறுக்கணும்."

"அன்னிக்கே தெரியுமா?"

தலை குனிந்தது. "நீங்க இறுக்கிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு..."

வந்ததே கோபம் எனக்கு. "ஒரு வாரமா ஊர் சிரிக்க ஓட்டியிருக்கேன். ஒரு வார்த்தை சொன்னா தலையையா சீவிடுவேன்?" என்று கத்தினேன்.

ஷெட் வாசலில் மகள். எப்போது வந்தாளோ.

"இப்பத் தெரியுதாப்பா?"

ஸ்பேனரை எடுத்தேன்.

"மாமா, நீங்க கை வைக்காதீங்க."

மெதுவாகத்தான் சொன்னார். அதற்கே அவருக்கு வேர்த்துவிட்டது. போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்களைச் சரிவுப் பலகைகளில் ஏற்றி நிறுத்தினார். பிறகு அவளிடம், "உள்ள ஒரு ஆள் ஒக்காந்தா நல்லது. ஒக்கார்றியா?"

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் அடியில் போய்ப் படுத்தார். இறுக்கும் சத்தத்துக்கு நடுவில் கீழேயிருந்து குரல் வந்தது: "மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்ல வரல. உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்துது."

டீ வேண்டும் என்று வீட்டுக்குள் வந்துவிட்டேன். இரண்டு டம்ளர் குடித்தேன். அவர்கள் வரவில்லை.

மார்ச் 18, திங்கள்

சத்தம் போய்விட்டது. வண்டி தரையோடு ஒட்டி அழகாக நிற்கிறது. "ஊருக்கே சாமான் விக்கிறவருக்கு ஒரு போல்ட்டு இறுக்கத் தெரியல" என்று மனைவி காலையிலிருந்து என்னை ஓட்டுகிறாள்.

மார்ச் 23, சனி

மேனேஜரிடம் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறார் — வாயைத் திறந்துதான். இருவரும் அந்த ஊரைப் பார்க்கக் கிளம்பினார்கள். அங்கே குடிபோவதா வேண்டாமா என்று பார்த்துவிட்டு மகள் சொல்வாளாம். என் கார்தான்; சாவி அவள் கையில்.

வாசல் மேட்டில் வண்டியின் அடிப்பாகம் கறகறவென்று உரசியது. "மெதுவாப் போன்னு சொல்லிட்டே இருக்கேன், காதுல விழல?" என்று மாப்பிள்ளை கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. அவளும் விடவில்லை, பதிலுக்குக் கத்தினாள்.

கேட்டைச் சாத்திவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.