கப்பலேறாதே தம்பி

புரோத்ராபூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி நந்தகுமாருக்கு, அக்கா மரகதம் எழுதுவது. நீயும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

போன் இருக்க இதென்ன கடுதாசி என்று சிரிப்பாய். போனில் பேசும்போதெல்லாம் உன் மச்சான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். வெறும் வேர்க்குரு என்று அவர் சொன்னதை நம்பி, அவர் பார்த்த வேலைக்கு நீ வருவதாகக் கப்பல் டிக்கெட்டும் எடுத்துவிட்டாயே, அவசரக்குடுக்கை! அது வேர்க்குரு இல்லையடா.

கழுத்திலிருந்து இடுப்புவரை தோல் கறுத்துத் தடித்துவிட்டது. வெடித்த இடத்தில் நீர் கசிகிறது. காய்கறித் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கப் போகுமுன் உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வது இந்தத் தீவில் வழக்கம், பூசினால் அரிக்காதாம். இவரும் வருஷக்கணக்கில் பூசினார். கராச்சர்மா ஆஸ்பத்திரி டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெயோடு விஷமும் உள்ளே இறங்குமாம். இனி பூச்சிமருந்துப் பக்கமே போகக்கூடாது என்றார். திரும்பும்போது பஸ்ஸில் ஒருத்தி, “கோட் ஹோகா” என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு எழுந்து போனாள். குஷ்டமாம். இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்னொன்று சொல்கிறேன், அம்மா காதில் போட்டுவிடாதே. மருந்தடித்த சட்டைகளை எல்லாம் எரித்துவிட்டேன். வீட்டில் இன்னும் அந்த வாடை. மூலைமூலையாகத் தேடினேன். இவர் வியர்வையிலிருந்துதான் வருகிறது. மத்தியானம் கண்ணயர்ந்தால் இடது கை மட்டும் மேலும் கீழும் போய்வருகிறது, முதுகில் மருந்து டப்பாவை மாட்டிக்கொண்டு பம்பு அடிப்பதுபோல. பிடித்தாலும் நிற்பதில்லை.

முதலாளி, உன் தம்பி எப்போது வருவான் என்று நச்சரிக்கிறார். மருந்தடிக்க நம் வீட்டு ஆள் இல்லையென்றால் அவர் கொடுத்த இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்காக நீ வராதே. டிக்கெட்டை ரத்து செய். ரோஷப்பட்டு வந்து நின்றாயானால் கப்பல்துறையிலிருந்தே திருப்பி அனுப்புவேன், பார்த்துக்கொள்.

வீடு இன்னும் கையில்தான் இருக்கிறது. அப்படியானால் பாகல் பந்தலுக்கு இப்போது யார் மருந்தடிப்பது என்று மட்டும் கேட்காதே, கண்ணு.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும். அம்மாவுக்கு இனி நீ ஒருவன்தான்.

உன் அக்கா,
மரகதம்