சித்தப்பாவின் கீரைச் சாறு

பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் நல்லபடியா நடமாடிட்டு இருக்கோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பாத்துக்கணும். போன்ல பேசினா லேப்ல இருக்கேன்மான்னு பாதியில வெச்சுடுவே, எழுதினா முழுசாப் படிச்சுதானே ஆகணும், அதான். அப்பா புதுக் கண்ணாடி வாங்கின அன்னைக்கே அது மேல உக்காந்துட்டார், ஒட்டுப் போட்டு மாட்டிட்டுத் திரியறார்.

உன் சித்தப்பா டாக்டர் ஆயிட்டார், தெரியுமா. மோட்டாருக்குக் காயில் கட்டற மனுஷன். உங்க லேப்ல ஏதோ கீரைச் சாறு புற்றுநோய் செல்லைக் கொன்னுச்சுன்னு உன் போட்டோவோட செய்தி வந்துச்சே, அதை அச்சடிச்சுப் பட்டறையில மாட்டியிருக்கார். வார்னிஷ் நாத்தம் அடிக்கற மேசையில மிக்சியை வெச்சு அரைச்சு, பழைய பனியன்ல வடிகட்டி, சித்திக்குக் காலையில ஒரு டம்ளர் ராத்திரி ஒரு டம்ளர். வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் எங்க பொண்ணு கண்டுபிடிச்ச மருந்துன்னு லெக்சர் வேற. ஆஸ்பத்திரிக்காரங்க எல்லாம் வியாபாரிங்களாம், இவர் மட்டும் விஞ்ஞானியாம். போன வாரம் தனக்குப் பல்லு வலின்னதும் தொரை கீரையைத் தேடலை, டாக்டர்கிட்டதான் ஓடினார்.

இதுல சித்தி இந்தத் தடவை மருந்து ஏத்திக்கப் போகவே இல்லை. மார்புல இருக்கற கட்டி சுருங்கிட்டு வருது, நடுவுல விட்டுடாதீங்கன்னு டாக்டரம்மா அவ்வளவு சொல்லியும் போகலை. முடி கொட்டினதுலயும் வாந்தியிலயும் பயந்துபோய்தான் அவ இந்தச் சாறைப் பிடிச்சுக்கிட்டா, அவளைத் திட்ட எனக்கு வாய் வரலை. அவரைத்தான் வெச்சு வாங்கினேன். லேப் தட்டுல இருக்கற செல்லு மேல வினிகரை ஊத்தினாலும் சாகும்மா, அதுக்காக வினிகரைக் குடிப்பாங்களான்னு நீ ஒருதடவை சிரிச்சியே, அதைச் சொன்னேன். உடனே போனை எடுத்து நம்ம குடும்ப குரூப்பைக் காட்டினார். எங்க வீட்டு விஞ்ஞானி தந்த மருந்துன்னு சித்தி டம்ளரும் கையுமா இருக்கற படம், அதுக்குக் கீழே நீ ஒரு கும்பிடு, ஒரு இதயம். புகழ்ந்தவங்களுக்கெல்லாம் வரிசையா நன்றி வேற. அவராவது விவரம் கெட்ட ஆளு, உனக்கு என்ன கேடு. நாலு பேர் மெச்சினதும் உண்மையைச் சொல்ல மனசு வரலையா. அவர் மேல இருந்த எளக்காரம் அந்த நிமிஷம் உன் மேலயும் வந்துச்சு, பெத்த பொண்ணைப் பத்தி இப்படி எழுதக் கை கூசுது, ஆனாலும் எழுதறேன்.

சித்தி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. தப்பா இருந்தா பாப்பா சொல்லியிருக்காதா அக்கா, அது என் மடியில வளர்ந்த பிள்ளைன்னு.

மாசக் கடைசியில மருந்து ஏத்த வேற நாள் குடுத்திருக்காங்க. இதைப் படிச்ச கையோட அவளைக் கூப்பிடு. நான் பாத்தது தட்டுல, உன் உடம்புல இல்ல சித்தின்னு உன் வாயால சொல்லு. குரூப்புலயும் போடு, வெக்கமா இருந்தாலும் போடு. குளிர்ல காதை மூடிக்கிட்டு வெளிய போ. நல்லா இரு, பெரிய பேர் எடு. இங்க ஒருத்தி உன் பேரை நம்பித்தான் குடிச்சிட்டு இருக்கா.

உன் அம்மா