டிலானிக்கு ஏற்றிய மெழுகுதிரி

புத்தளம் சந்தையில் இன்று பச்சைத் தாளோடு கூடிய சின்ன வெங்காயம் வந்திருந்தது. தாள் அரிந்து துப்புரவாக்கிய வெங்காயம் பக்கத்திலேயே குவிந்து கிடக்க, நான் வேண்டுமென்றே தாளோடிருந்ததை வாங்கி வந்தேன். குசினியில் உட்கார்ந்து முதல் பிடியை அரிந்ததுமே மணம் மூக்கில் ஏறியது, கண் கரித்தது, உன் குரலும் கேட்டது. "அழுறதெண்டா இப்ப அழுதுக்க, ஒருத்தருக்கும் விளங்காது" என்று என் காதுக்குள் சொல்வாயே, அதே குரல். நீ போய் இத்தனை வருடமாகியும் உன் வாய் மட்டும் ஓயவில்லை.

கற்பிட்டிப் பக்கம் எத்தாளை ஊரின் வெங்காயக் கொட்டிலில்தான் நாம் முதன்முதல் கதைத்தது. யுத்தம் முடிந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. உன் குடும்பம், முஸ்லிம்கள் என்பதால், நீ பிறக்கு முன்பே மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தது. என் அப்பா ஆலங்குடாவில் கடற்றொழில் செய்பவர். பள்ளிக்கூட விடுமுறையில் இரண்டு பேரும் கூலிக்கு வந்திருந்தோம். கொட்டிலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தாள் அரிவார்கள், ஆண்கள் சாக்குத் தூக்குவார்கள். பதினாறு வயதுப் பொடியன் என்று என்னைச் சாக்குப் பக்கம் விட்டிருந்தார்கள். நான் படும் பாட்டைப் பார்த்து நீதான் கத்தினாய்.

"இவன் சாக்கத் தூக்கேல்ல, சாக்குத்தான் இவனத் தூக்குது. இங்கால வந்து இரு!"

கொட்டில்காரர் முகத்தைச் சுளித்தார். நீ அதைக் கண்டுகொள்ளாமல் என் கையில் ஒரு கத்தியைத் திணித்தாய். நான் அரிந்த வேகத்தைப் பார்த்துவிட்டு அவரும் பேசாமல் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து, வீட்டுக்கு நடக்கும்போது, உலகத்தில் ஒருவருக்கும் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். நான் பொடியன் இல்லை, உள்ளுக்குள் எப்போதும் பெண்தான் என்றேன். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் செத்துப் பிழைத்தேன். நீ மிளகாய்த் தோட்டத்து வேலியில் ஒரு குச்சியை முறித்துக்கொண்டே சொன்னாய்: "அது எனக்குத் தெரியும். வேற புதினம் இருந்தாச் சொல்லு."

வேறு புதினமும் இருந்தது, உனக்குத் தெரியாத சேதி. கொட்டிலுக்கு லாண்ட்மாஸ்டர் கொண்டு வருகிறவனை எனக்குப் பிடித்திருந்தது. என் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன், லீவு நாட்களில் அந்தக் கைப்பிடி உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டி மூட்டை ஏற்றுவான். அதைச் சொன்னதும் நீ நடுத்தெருவில் நின்று கை தட்டினாய். "இது புதினம்!"

அடுத்த நாள் கொட்டிலில் எல்லோருக்கும் கேட்கும்படி கதை ஒன்றைத் தொடங்கினாய். "ஆலங்குடாப் பக்கம் ஒரு புள்ள. பேர் டிலானி. பொடியனாப் பிறந்துட்டாள், ஆனா பொம்புளப் புள்ள." என் கத்தி விரலில் பட்டது. அக்கா வயதிலிருந்த ஒரு ராத்தா, "அதெப்பிடி?" என்று கேட்டார். "அல்லா அப்பிடிப் படைச்சா நீங்களும் நானும் என்ன செய்ற? கேளுங்க" என்றாய். பிறகு லொறி ஓட்டும் கதாநாயகன் ஒருவனைக் கொண்டு வந்து, அவனுக்குப் பிரின்ஸ் என்று பெயர் வைத்தாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றைக்குக் கதை நிற்கும்போது டிலானியை அவளுடைய சித்தி சோற்றுக் கோப்பையோடு வெளியே தள்ளியிருந்தாள். மற்ற நாள் காலை, அதெப்பிடியென்று கேட்ட அதே ராத்தாதான் முதலில் வாய் திறந்தார். "அந்தப் புள்ள ராவைக்குச் சாப்பிட்டாளா இல்லையா?"

இப்படித்தான் டிலானி கொட்டிலுக்குள் வந்தாள். நாளுக்கொரு துண்டாக நீ சொல்லிக்கொண்டு போனாய். அவளுக்கு யாரும் ஏசினால் பெண்கள் வெங்காயத்தை வெட்டும் வேகம் கூடியது. அவள் செத்துப் போவாளோ என்று ஒருத்தி பயந்தபோது நீ கோபப்பட்டாய். "என்ட கதையில ஒருத்தரும் மௌத்தாக மாட்டாங்க. டீவி நாடகத்தில செத்தது போதும்."

பிலோமினாக்காவை நீ மறந்திருக்க மாட்டாய். புனித அன்னம்மாள் கோயில் இருக்கிற தலவிலப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும், அதிகம் கதைக்காத மனிசி. ஒரு திங்கட்கிழமை, தலையைக் கூட நிமிர்த்தாமல் சொன்னார்: "நேத்து அன்னம்மாள் கோயில்ல டிலானிக்கு ஒரு மெழுகுதிரி ஏத்தினன். அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்லது நடந்தா, கையோட கூட்டிக்கொண்டு வந்து காட்டுறன் எண்டு நேர்ந்திருக்கிறன்."

மனிசி டிலானியை உண்மையான பிள்ளை என்று நம்பியிருக்கிறார்! ஆலங்குடாவென்று ஊரைச் சொன்னது நீதானே. அன்று மாலை வழி நெடுகச் சிரித்தோம், வயிறு நோக மணலில் உட்கார்ந்து சிரித்தோம். திடீரென்று நீ நிறுத்திவிட்டு, "அவ உனக்குத்தான் ஏத்தியிருக்கிறா. ஒரு நாளைக்கு நீ அவவுக்குச் சொல்லத்தான் வேணும்" என்றாய். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அந்த மனிசியின் முன்னால் போய் நான்தான் என்று நிற்க இந்தப் பிறவியில் முடியாதென்று நினைத்தேன்.

லாண்ட்மாஸ்டர்காரனும் கதை கேட்கத் தொடங்கியிருந்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு மூட்டைகளில் சாய்ந்து நிற்பான். பிரின்ஸ் டிலானியைக் கண்டும் காணாததுபோல் லொறியைத் திருப்பிய நாளில் அவனால் பொறுக்க முடியவில்லை. "இவன் ஏன் இப்பிடிப் பயந்து சாகிறான்? நானெண்டா நேர போய்க் கதைச்சிருப்பன்."

"எங்க, கதைச்சுக் காட்டு பாப்பம்" என்றாய் நீ. கொட்டிலே சிரித்தது. அவனுடைய காது சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

மற்ற நாள் வேலை முடிய, "ஏறு, பஸ் ஹோல்ட்டில விடுறன்" என்று என்னைக் கூப்பிட்டான். நீ இல்லாத சாமானைத் தேடுவதுபோல் பின்னுக்கு நின்றுகொண்டாய், கள்ளி. வழியில் அவன் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கேட்டான்: "உன்ன டிலானியெண்டு கூப்பிட்டாக் கோவிப்பியா?" நானும் கத்தினேன்: "கோவிக்க மாட்டன்!" தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் பெயரை முதன்முதலாக ஒரு பொடியன் வாயால் கேட்ட பின்னேரம் அது, அன்று முழுக் கற்பிட்டியும் என்னுடையதாக இருந்தது.

இரண்டு வெங்காயப் போகம் வரைக்கும் அவன் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டான். பிறகு கட்டாருக்குப் போனான். போகுமுன் வந்து, எங்களை ஊர் என்ன சொல்லுமோ என்று பயமாக இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் போனான். அழுதேன்தான். ஆனால் முதல் காதல் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் அந்த எஞ்சின் சத்தம்தான் கேட்கிறது, வாய் தானாகச் சிரிக்கிறது.

அடுத்த போகத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. கடைசியாக நீ சொன்ன துண்டில் டிலானி பிரின்ஸின் வீட்டு கேற்றுக்கு வெளியே, அவனுடைய தாயிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். "மிச்சம் சுகமாகி வந்து" என்றாய். நீ புத்தளம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை.

ஜனாஸா அடக்கத்தன்று ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு மையவாடிக்குப் போனார்கள். பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். நான் கேற்றடியில் நின்றேன். ஆண்களின் பின்னால் போவதுதான் ஊருக்கு முறையாகத் தெரியும், என் கால்கள் நகரவில்லை. அப்போது உன் உம்மா, அழுது வீங்கிய முகத்தோடு வாசலுக்கு வந்தார். நீ அவரிடம் எதைச் சொல்லி வைத்திருந்தாயோ, எனக்குத் தெரியாது. "வெயிலுக்க நிக்காத மகள், உள்ள வா" என்றார். உன்னை இழந்த வேதனையோடு, மகள் என்று கூப்பிடப்பட்டதும் நெஞ்சில் சேர்ந்து விழுந்தது. நான் உள்ளே போய்ப் பெண்களோடு இருந்தேன்.

அதற்குப் பிறகு புத்தளத்துக்கு வந்து தையல் வேலை எடுத்து, என் பெயரோடு, என் உடுப்போடு வாழத் தொடங்கினேன். அப்பா வெகுகாலம் கதைக்கவில்லை, இப்போது மீன் கொடுத்தனுப்புகிறார். டிலானியின் கதையை இளம் பிள்ளைகள் வாசிக்கும் நாவலாக எழுதினேன். நீ நிறுத்திய கேற்றடிக்கு வந்ததும், பிரின்ஸின் தாய் கேற்றைத் திறந்து, "வெயிலுக்க நிக்காத மகள், உள்ள வா" என்று சொல்வதாக முடித்தேன். அதைவிட நல்ல முடிவு எனக்குத் தெரியாது.

கொழும்பில் ஒரு பதிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. டிலானி அந்த கேற்றடியில் லொறியில் அடிபட்டுச் சாக வேண்டும், அப்போதுதான் வாசகர் மனம் இளகும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கட வீட்டுப் பிள்ளை செத்தாத்தான் அவளில உங்களுக்கு இரக்கம் வருமா, ஐயா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ செத்துப்போன கோபத்தில் எழுதும்போது நானே ஒரு தரம் அவளைக் கொல்லப் பார்த்தவள்தான், அதை அவரிடம் நான் சொல்லவில்லை. கடைசியில் ஒரு சின்ன அச்சகக்காரர் ஓர் எழுத்தும் மாற்றாமல் போட்டார். அட்டையில் எழுதியவர் பெயர் டிலானி.

போன ஆவணியில் என் வாசலில் ஒரு மனிசி குடையை மடக்கினார். "டிலானியெண்ட பிள்ளையிட வீடு இதுவோ? அது புத்தகம் எழுதியிருக்கெண்டு பெறாமகள், என்ட தங்கச்சியிட பிள்ளை, வாசிச்சுக் காட்டினாள்."

பிலோமினாக்கா! என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டு, தெரியாதவள்போல் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு நிமிர்ந்து நின்று, "ஓம் அக்கா, நான்தான்" என்றேன்.

அவர் கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தார், கைவிரலில் இருந்த பழைய கத்தி வெட்டைப் பார்த்தார். "நீ எங்களோட வெங்காயம் அரிஞ்ச ஆலங்குடாப் பிள்ளையெல்லோ?" கதிரையில் உட்கார்ந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு ஏச்சுத் தொடங்கியது. "பக்கத்தில இருந்துகொண்டு, நான் மெழுகுதிரி ஏத்தினன் எண்டு சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தனியே? அப்பவே வாயத் திறந்திருந்தா நேர்த்திய எப்பவோ முடிச்சிருப்பன்! எழும்பு, சீலையக் கட்டு. அன்னம்மாள் திருநாள் முடியமுன்னம் போகவேணும்."

தலவிலக் கோயிலில் அன்று சன நெரிசல். அந்த மனிசி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடாமல், ஆட்களை விலக்கி, அன்னம்மாளின் சுரூபத்துக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். "அம்மா, சொன்ன மாதிரிக் கூட்டிக்கொண்டு வந்திட்டன். இதுதான் பிள்ளை" என்று சத்தமாகச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒரு தாய், தன் குழந்தையின் கையை ஒதுக்கி, நான் மெழுகுதிரி ஏற்ற இடம் விட்டாள்.

சுடர் பிடிக்கும்வரை உன்னைத்தான் நினைத்தேன். உன் கதையில் ஒருவரும் மௌத்தாக மாட்டார்கள் என்றாய், உன்னை நீயே அந்தக் கதைக்குள் போட்டுக்கொள்ளாமல் போனாய். அந்தக் கோபம் எனக்கு உன்மேல் இன்னும் தீரவில்லை. ஆனால் நீ வைத்த பெயரைத்தான் ஒவ்வொரு நாளும் கொண்டு திரிகிறேன். பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரியில், யார் கேட்டாலும் தாழ்ந்த குரலில் சொல்வதில்லை. அன்று கோயிலிலும் பக்கத்தில் நின்ற தாய் கேட்டாள், "பேரென்ன மகள்?"

"டிலானி" என்றேன், உனக்குக் கேட்கிற அளவுக்கு.