பொன்னாடை போர்த்திய பிறகு

மே 5, திங்கள். காலையில் வெயில், பிறகு பெருமழை.

இல்லை, பொன்னாடையை அவர் கேட்கவில்லை. யோசனை என்னுடையது. சாரதா டீச்சருக்குப் பள்ளிச் சபைகூடலில் பொன்னாடை போர்த்தலாம் என்று போன மாதம் தலைமையாசிரியரிடம் சொன்னவள் நான்தான். வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட கவுன்சலர் அல்லவா, ஏதாவது செய்ய வேண்டும். "பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெம்பு வரும் சார்" என்றேன். மாலை, கைத்தட்டல், வாசலில் அவர் படத்தோடு பதாகை. 'வெள்ளத்தை வென்ற வீரமங்கை.' அந்த வரியும் என் கைவண்ணம்.

இன்று அந்த வீரமங்கை பாதிப் பாடத்தில் வகுப்பை விட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் ஆண்டு வகுப்பு, கணிதம். தகரக் கூரையில் மழை. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார், காரில் ஏறினார், போனார். செருப்பு வகுப்பு வாசலிலேயே. நான் ஓடிப் பார்த்தபோது, மறுபடி வெள்ளம் வருமோ என்று பிள்ளைகள் சிலர் மேசைமேல் ஏறி நின்றிருந்தார்கள். அவர்களில் யாழினி என்ற பிள்ளை மட்டும் நாற்காலியில். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு.

தலைமையாசிரியர் (த.ஆ.): "அலமாக்! என்னம்மா இது? வாசல்ல அவ்வளவு பெருசா படம் போட்டு வச்சிருக்கோம். இப்ப பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

டீச்சரிடம் விளக்கக் கடிதம் கேட்பாராம். என்னிடம் வெள்ளிக்குள் அறிக்கை. வகுப்பெடுக்கத் தகுதியா, இல்லையா. இல்லை என்றால் வகுப்பை டீச்சரிடமிருந்து எடுத்துவிடுவார்.

வாங்க வேண்டியவை: குடை, கொசுவத்தி, வண்ணப் பென்சில்.

மே 6, செவ்வாய். மேகமூட்டம்.

பெக்கோக்கில் டீச்சர் வீடு. செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வா நிலா. செருப்பு டெலிவரியெல்லாம் உண்டா? கவுன்சலர் வேலைக்குச் சம்பளம் பத்தலியா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தேநீர் கொடுத்தார்.

வெள்ளத்தன்று நடந்தது எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். வேன்கள் வர முடியவில்லை. மிச்சமிருந்த பிள்ளைகளைக் கைகோக்க வைத்து, இடுப்பளவு தண்ணீரில் திடலைக் கடந்து மாடிக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். கடைசியில் வந்த யாழினியின் கை அவர் கையில். நடுவில் நழுவியது. வேலியோரம் நின்ற கேண்டீன் மணியண்ணன் எட்டிப் பிடித்துவிட்டார். எல்லோரும் பிழைத்தார்கள். "கை நழுவினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர்?" என்றேன்.

"நழுவலம்மா. நான் விட்டுட்டேன். மழ வந்தா இந்தக் கை மரத்துப்போவுது. விட்டவளுக்கு எதுக்குச் சால்வ? நீங்கள்லாம் கை தட்டுனப்ப அந்தப் புள்ள என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

பொன்னாடைக்கு முந்தைய நாள் அவர் என் அறைக் கதவருகே வந்து நின்றது நினைவு வருகிறது. "கொஞ்சம் நேரம் இருக்குமா?" பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து, "டீச்சர், நீங்க தைரியசாலி. உங்களப் பத்தி எனக்குக் கவலையே இல்ல" என்றேன். நாற்காலிகளை அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிள்ளைகளோடு ஆசிரியரையும் பார்க்க வேண்டும். இதைப் பல்கலைக்கழகத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண்.

மே 8, வியாழன். வெயில். ஒற்றைத் தலைவலி.

தம்போயிலிருந்து அம்மா போன். சாப்பிட்டாயா, எப்போது வருகிறாய். இரண்டுக்கும் பொய்.

ஓய்வு நேரத்தில் அடிதடி. ஒரு பையன், "வீரமங்கை மழையப் பாத்து ஓடிப்போச்சு லா!" என்று ராகம் போட்டிருக்கிறான். யாழினி தண்ணீர்ப் புட்டியால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். என் அறைக்கு அனுப்பினார்கள். இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை.

"டீச்சரச் சொன்னான். அதான் அடிச்சேன்."

"டீச்சரப் புடிக்குமா?"

தலையாட்டல். மறுபடி கைகள் தொடைக்கு அடியில்.

"டீச்சர் கைய நான்தான் விட்டேன்."

"ஏம்மா?"

"எறும்பு. தண்ணியில கொத்தா மெதந்து வந்துச்சு. கையெல்லாம் கடிச்சுச்சு. டீச்சர் விடாத விடாதன்னு கத்துனாங்க. நான் உதறிட்டேன்."

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"நீங்க மாலை போட்டீங்கல்ல. சொன்னா டீச்சர்கிட்டேருந்து திருப்பி வாங்கிருவீங்க."

ஒரே வகுப்பறை. இரண்டு பேர். ஒரே குற்றத்தை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு. நடுவில் நான் மாட்டிய மாலை.

டீச்சருக்கு அப்போதே போன் செய்து சொல்லிவிடக் கை துடித்தது. சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது. மறுபடியும் நான் மேடையேறக் கூடாது.

"நீயே டீச்சர்கிட்ட சொல்றியா?"

"கோவிச்சுக்குவாங்களா?"

"மாட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன்."

"நீங்களும் இருப்பீங்களா?"

"வேணும்னா இருக்கேன். வேணாம்னா வெளிய நிக்கிறேன்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மணி அடித்த பிறகு திரும்பி வந்து, கதவுக்கு வெளியே நின்றபடியே, "வெளிய நில்லுங்க" என்றாள்.

மே 9, வெள்ளி. புழுக்கம்.

அறிக்கை கொடுத்தேன். தகுதி உண்டு, ஓய்வு தேவை, பேச ஆள் தேவை, மழை நாளில் வகுப்பில் இன்னோர் ஆசிரியர் உடனிருக்கட்டும். கடைசி வரி: உதவி கேட்டு வந்தவரைப் பாராட்டி அனுப்பியது கவுன்சலர், அதாவது நான்.

த.ஆ. கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் கடைசி வரி வேணுமாம்மா? மேல போற பேப்பர்."

"நடந்தது அதுதான் சார்."

டீச்சரிடம் விளக்கம் கேட்டு எழுதிய கடிதத்தை இப்போதைக்கு நிறுத்திவைப்பதாகச் சொன்னார். கிழித்துப்போடுவதாகச் சொல்லவில்லை.

டீச்சருக்குப் போன். யாழினி உங்களிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம், அவ்வளவுதான் சொன்னேன்.

"என்கிட்டயா?" பின்னால் தொலைக்காட்சிச் சத்தம். "என் மூஞ்சியப் பாக்குமா அது?"

"அவதான் கேட்டா டீச்சர்."

"திங்கள் வெசாக் லீவு. செவ்வாய்க்கெழம வரேன். மழ இல்லன்னா."

கைப்பேசியில் வானிலை பார்த்தேன். செவ்வாய், இடியுடன் மழை.

மணியண்ணனிடம் ஏணி வாங்கி, வாசல் பதாகையை அவிழ்த்துச் சுருட்டிக் காரில் போட்டேன்.