வலது காலா, இடது காலா

6 ஜனவரி 1974, ஞாயிறு
ஆட்டுக்கால் சூப் குடித்தாயிற்று. முருங்கைக்கீரை தின்றாயிற்று. பக்கத்து மெஷின் பாக்கியநாதன் ரகசியமாக வாங்கிவந்த லேகியத்தையும் விழுங்கினேன். அது வயிற்றைக் கலக்கியதோடு சரி. முப்பத்தாறு வயது, காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத்துக்கே வாத்தியார் என்று பெயர் — பூவம்மாள் பக்கத்தில் வந்து படுத்தால் மட்டும் உடம்பு ஸ்டிரைக் செய்கிறது. தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள்கூடப் புருஷனாக இருக்க முடியவில்லை. அப்பாடா, எழுதிவிட்டேன். எழுதினால் சிரிப்பு வருகிறது, இதென்ன கூத்து?

இந்த டைரி டூல் பாக்ஸை விட்டு வெளியே வரக் கூடாது.

13 ஜனவரி, போகி
பழைய பாயைக் கொளுத்தினாள். கொளுத்திக்கொண்டே கேட்டாள்: "வியாழக்கெழமை ஆனா கும்மிடிப்பூண்டி போறியே, அங்க எவளையாவது சேத்துக்கினியா?"

கம்பெனி வேலையாகப் போகிறேன், எண்ணெய்ப் பிசுக்கோடு திரும்பி வருகிறேன். என்னை எவள் சேர்த்துக்கொள்வாள்? உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தை அமாவாசை முடிந்ததும் ஊத்துக்கோட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். மூட்டை கட்டி மூலையில் வைத்துவிட்டாள். போனால் திரும்பி வருவாளா?

20 ஜனவரி
ஏழு நாளில் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "சோறு."

23 ஜனவரி, தை அமாவாசை
டாக்டருக்கு அடங்காத நோயெல்லாம் வீரராகவப் பெருமாளுக்கு அடங்கும் என்பது திருவள்ளூர்க்காரன் நம்பிக்கை. வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தேன். அடுத்து, நோவுள்ள உறுப்பின் உருவத்தைத் தகட்டில் வாங்கி உண்டியலில் போட வேண்டும். கோயில் வாசலில் ராமபத்ரன் கடைத் தட்டில் கண், காது, கை, கால், வயிறு எல்லாம் வரிசையாகக் கிடந்தன. எனக்கு வேண்டியது மட்டும் இல்லை. யார்தான் கேட்டிருப்பார்கள்?

"உபாதை எங்கே?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார் ராமபத்ரன். பின்னால் முப்பது பேர். "கால்" என்று சொல்லிவிட்டேன்.

முப்பது பேரில் ஒருத்தி பூவம்மாள். எனக்காக வேண்டிக்கொள்ள வெல்லத்தோடு வந்திருக்கிறாள், பாவி மகள். "காலு நோவா? அதுக்காகவா ஒதுங்கி ஒதுங்கிப் படுத்த?" கண்ணெல்லாம் தண்ணீர். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வேன்!

29 ஜனவரி
தினம் இரண்டு வேளை தைலம். வெந்நீர் ஒத்தடம். தெருவில் எல்லாரும் கால் எப்படி இருக்கிறது என்கிறார்கள். நொண்டிக்கொண்டே வேலைக்குப் போகிறேன். பாக்கியநாதன் என்னைச் சைக்கிளில் வைத்து மிதிக்கிறான். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா வலிக்கிறது. மூட்டை மட்டும் இன்னும் மூலையிலேயே இருக்கிறது.

4 பிப்ரவரி, திங்கள்
நான் நொண்டுவதைப் பார்த்து ஃபோர்மன், கம்பெனிக்கு வாரம் ஒருமுறை வரும் டாக்டர் ஹேமாம்புஜத்திடம் அனுப்பிவிட்டார். அந்த அம்மா நடக்கச் சொன்னார். நடந்தேன். திரும்பி வரச் சொன்னார். வந்தேன்.

"போகும்போது இடது காலில் நொண்டினீங்க. வரும்போது வலது கால். எந்தக் கால்ல வலி?"

மாட்டிக்கொண்டேன். மின்விசிறியைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டார். தீபாவளியிலிருந்து. தான் பிரஷர் மாத்திரை கொடுத்தது எப்போது என்று கேட்டார். ஐப்பசியில், கம்பெனியில் எல்லாரையும் பரிசோதித்தபோது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அந்த மாத்திரை சில ஆண்களுக்கு இப்படிச் செய்யுமாம்! அதோடு, முடியாமல் போய்விடுமோ என்கிற பயமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாமாம். முதல் வாரமே சொல்லியிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பாராம்.

"பொம்பளை டாக்டர்கிட்ட எப்படிங்க சொல்றது?"

"காலைக் காட்ட மட்டும் பொம்பளை டாக்டர் பரவாயில்லையா?"

வேறு மாத்திரை எழுதினார். நானாக நிறுத்தினால் பிரஷர் தலைக்கேறும் என்று மிரட்டினார். பீடியை விட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், முக்கியமாக வீட்டில் உண்மையைச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் சொன்னேன். பூவம்மாள் வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு தைலப் புட்டியை என் மேலேயே விட்டெறிந்தாள். "மூணு மாசமா எவடா அவளுன்னு தேடிக்கினு இருந்தேன். மாத்திரையா அவ?" சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், விக்கல் எடுக்கும் வரைக்கும்!

மூட்டையை அவிழ்க்கப் போனேன். கையில் ஒரு தட்டு தட்டினாள். "இருக்கட்டும். புது மாத்திரை இன்னா பண்ணுதுன்னு பாக்கலாம்."

17 பிப்ரவரி
ஒன்றும் இல்லை. அவசரப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பீடி இல்லாமல் கை பரபரக்கிறது. பூவம்மாள் கடலை வறுத்துக் கொடுத்தாள்.

3 மார்ச், ஞாயிறு
எழுத நேரமில்லை. ஹா!

23 மார்ச், அமாவாசை
நோய் தீர்ந்தவர்கள் நன்றிக்கும் ஒரு தகடு போடுவது வழக்கம். இரண்டு பேருமாகப் போனோம். ராமபத்ரனுக்கு என்னை நினைவிருந்தது. கால் குணமா என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் கால் தகட்டை எடுத்து நீட்டினார்.

பூவம்மாள் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "காலு வோணாம் சாமி. முழு ஆளா ஒண்ணு குடுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு உண்டியல் வரைக்கும் தலைகுனிந்தே நடந்தேன். அழுகிறேன் என்று நினைத்து ஒரு பெரியவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மூட்டையை அவிழ்த்துப் புடவைகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். நானும் நொண்டி நொண்டி எடுத்துக் கொடுத்தேன். எந்தக் கால் என்று கேட்டாள். ரெண்டும்தான் என்றேன்.