கொக்கு டீச்சரின் கணக்கு நடை

ஜூலை 8, திங்கள்

குழாய் சரிசெய்ய வந்தவர், "வீட்ல எத்தனை பேரும்மா?" என்று கேட்டார். ஒருத்திதான் என்றேன். "அப்ப எதுக்கு இவ்ளோ பெரிய தொட்டி?" தொட்டியை நானா கட்டினேன்? வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு காபி போட்டுக் கொடுத்தேன், இன்னும் கொஞ்ச நேரம் இருந்து ஏதாவது பேசுவார் என்று. ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பள்ளியில் ஒரு நல்ல சேதி. எட்டாம் வகுப்பைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்க் கணக்கு நடத்த அனுமதி கிடைத்துவிட்டது. குழுவுக்கு ஒரு செல்போன். வரைபடத்தில் நான் புள்ளி வைத்த இடத்தில் போய் நின்றால் கேள்வி திறக்கும். அளந்து, எண்ணி, விடையைப் போட்டால் பச்சை, அடுத்த கேள்வி வரும். தப்பென்றால் சிவப்பு, அங்கேயே நிற்க வேண்டியதுதான். "கணக்கு நடை" என்று பெயர் வைத்திருக்கிறேன். தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒரு தடவை பாக்கறேன் டீச்சர். சரியா வரலன்னா அப்புறம் செல்போன் பேச்சையே எடுக்கக் கூடாது."

ஜூலை 11, வியாழன்

வழியைத் தயாரித்தவளைத் தவிர இன்னொருத்தர் அதை நடந்து பார்க்க வேண்டும். கணக்கு நடைக்கு எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். விளையாட்டு வாத்தியாரைக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமையாவது மனுஷன் தூங்க வேண்டாமா டீச்சர்?" என்றார். நியாயம்தான்.

சாயங்காலம் மகளோடு போன். "சாப்டியாம்மா?" "சாப்டேன். நீ?" "சாப்டேன்." பின்னால் அவள் அப்பா வீட்டு டி.வி. சத்தம். அவள் அங்கே போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. காலேஜ் பக்கம் என்று காரணம். இங்கிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்தான் கூட, எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை நேரமிருந்தால் பூங்காப் பக்கம் வா, சும்மாதான், என்றேன். "பாக்கலாம்மா" என்றாள். அவள் பார்க்கலாம் என்றால் வரமாட்டாள் என்று அர்த்தம். வரமாட்டேன் என்றாவது சொல்லித் தொலைக்கலாம்.

ஜூலை 14, ஞாயிறு

வெயில் ஏறும்வரை பூங்கா வாசலில் நின்று பார்த்தேன். வரவில்லை.

தனியாகவே நடந்தேன். முதல் கேள்வி: வாயிலிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை சுற்றுச்சுவரோரம் நடந்தால் எத்தனை எட்டு? எண்பத்திரண்டு வந்தது. சந்தேகத்துக்குத் திரும்பி வந்தும் எண்ணினேன், எண்பத்து மூன்று. இதைவிட என்ன வேண்டும்? பிள்ளைகள்தானே, இரண்டு மூன்று முன்பின் இருக்கட்டும் என்று அதற்கும் இடம் விட்டு விடையைப் பதிந்தேன். செல்போனைப் பார்த்தபடி வாய்க்குள் எண்ணிக்கொண்டு போகிறவளைப் பெஞ்சில் இருந்த அம்மாள் ஒருத்தி கவனித்துக்கொண்டே இருந்தாள். "என்னம்மா, ஏதாவது தொலைச்சிட்டியா?" இல்லைங்க என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஜூலை 19, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. மானம் போயிற்று.

ஐந்து குழு, ஐந்துக்கும் சிவப்பு. ஒரு குழுவுக்குத் தொண்ணூற்றாறு, இன்னொன்றுக்கு நூற்றொன்று. திரும்ப எண்ணச் சொன்னேன். மறுபடியும் சிவப்பு. தலைமையாசிரியை குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்கிறார். எனக்கு வியர்த்து ஊற்றுகிறது. "எட்டாம் வகுப்புக்கு வந்தாச்சு, எண்ணக்கூடத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன். இரண்டாவது கேள்வியை ஒருத்தரும் கண்ணால் பார்க்கவில்லை. அலுத்துப்போய்ச் சிலர் செல்பி எடுக்க ஆரம்பித்தார்கள்.

வாயாடி என்று நான் கூப்பிடும் பெண் பக்கத்தில் வந்தாள். "டீச்சர், நீங்க நடங்க. நான் எண்றேன்." நடந்தேன். எண்பத்திரண்டு. பச்சை. என்னோடு எட்டுக்கு எட்டு வைத்து வந்த அவள் தொட்டிக்கு முன்பே நின்றிருந்தாள். நான் நின்ற இடத்தையும் தான் நின்ற இடத்தையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது உங்க காலுக்கு எழுதின கணக்கு டீச்சர். எங்க காலுக்கு எப்படி வரும்?" பின்னாலிருந்து யாரோ, "கொக்குக் காலுடா" என்றார்கள். என் உயரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே சிரிப்பு.

இருபது வருஷமா கணக்கு சொல்லிக் குடுக்கறேன். ஆளுக்கு ஆள் எட்டு மாறும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். அதுக்குத்தானே இடம் விட்டேன். போயும் வந்தும் கிட்டத்தட்ட ஒரே விடை வந்தவுடனே சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன் — ரெண்டு தடவையும் நடந்தது ஒரே காலுதானே. கூட நடக்க ஒரு ஆள் இல்லாமப் போச்சே. ஒரே ஒரு ஆள்.

ஜூலை 22, திங்கள்

தலைமையாசிரியை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "நீங்க கெட்டிக்காரிதான், இல்லன்னு சொல்லல. ஆனா வேற யாராவது முழுசா நடந்து பாத்துட்டு சரின்னு சொல்லட்டும். ஆகஸ்ட் பத்து சனிக்கிழமை தர்றேன். அதையும் விட்டா அவ்ளோதான்" என்றார்.

கேள்வியை மாற்றிவிட்டேன். முதலில் அவரவர் எட்டின் நீளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வாயிலை ஒட்டிய நடைபாதையில் பத்து மீட்டருக்குச் சாக்பீஸால் கோடு போடுவேன், அதை எத்தனை எட்டில் கடக்கிறார்களோ அதிலிருந்து கணக்கிடலாம். சுவரின் நீளத்தை இனி மீட்டரில் போட்டால் போதும். யார் கால் என்றாலும் விடை ஒன்று.

ஜூலை 24, புதன்

யாரைக் கேட்பது? செல்போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ், குழாய்க்காரர், பள்ளி, பள்ளி, பள்ளி, மகள்.

ஜூலை 26, வெள்ளி

"நேரமிருந்தால்" என்று மெசேஜ் அடித்தேன், அழித்தேன். "சும்மாதான்" என்று அடித்தேன், அதையும் அழித்தேன். கடைசியில் கூப்பிட்டேவிட்டேன்.

"எனக்கு உன்னால ஒரு காரியம் ஆகணும். ஞாயித்துக்கிழமை காலைல பூங்காவுக்கு வா. எனக்கு வேற யாரும் இல்ல."

பின்னால் டி.வி. சத்தம் குறைந்தது, வேறு அறைக்குப் போய்விட்டாள் போல. "வேற யாரும் இல்லன்னு கூப்பிடறியா, நான்தான் வேணும்னு கூப்பிடறியாம்மா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

"சரி, வர்றேன்."

ஜூலை 28, ஞாயிறு

வந்தாள். முடியை வெட்டியிருக்கிறாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவளுக்கு அவள் அப்பாவின் உயரம், என் தோளுக்குத்தான் வருவாள். அவள் முன்னால், நான் பின்னால். வழியைத் தயாரித்தவள் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் முறை. நான் போட்டிருந்த பத்து மீட்டர் கோட்டை எண்ணிக் கடந்தாள், எட்டின் நீளத்தைப் போட்டாள், சுவரை எண்ணிப் பெருக்கினாள். பச்சை.

அடுத்தது பூப்பாத்தியின் சுற்றளவு. நேராகத் தப்பான பாத்திக்குப் போனாள். அது இல்லடி, இந்தப் பக்கம் என்று நாக்கு துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அளந்தாள், சிவப்பு. மறுபடி அளந்தாள், சிவப்பு. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா, வாயே திறக்க மாட்டேங்கற? உடம்பு சரியில்லையா?"

"நான் பேசக் கூடாது. நீ எங்க தடுமாறறேன்னு நான் பாக்கணும்."

"நான் தப்புப் பண்ணும்போது நீ சும்மா நிக்கறது இதான் முதல் தடவை" என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

பிறகு அவளே கண்டுபிடித்தாள். "இங்க ரெண்டு பாத்தி இருக்கு. எதுன்னு நீ எழுதவே இல்ல." உண்மைதான். தப்பு என்னுடையது.

முடித்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கிளாஸை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "உன் வீட்ல எதை எடுத்தாலும் ஒரு திருத்தம். அங்க வேற மாதிரி. நான் இருக்கேனா போனேனான்னு யாரும் பாக்கறதில்ல. அதுவும் ஒரு மாதிரி கஷ்டமாதான் இருக்கு." அப்படியென்றால் திரும்பி வந்துவிடு என்று சொல்லத் துடித்தேன். இன்னொரு டீ சொல்லவா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்றாள், ஆனால் உடனே எழுந்திருக்கவில்லை.

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வீடு அப்படியே இருக்கிறது. முன்பைவிட மோசமாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

"யார் நடந்து பாத்தது?" என்று தலைமையாசிரியை கேட்டார். என் பெண் என்றேன். "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?" பன்னிரண்டு வருஷமாக அடுத்தடுத்த அறையில் இருக்கிறோம். சனிக்கிழமைக்கு அனுமதி கொடுத்தார். எவ்வளவு பெரிய பெண் என்று கேட்டார். அவள் தலை எட்டும் இடத்தைக் கையால் காட்டினேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மகளிடமிருந்து மெசேஜ்: "சனிக்கிழமை அஞ்சு குழுவையும் நீ ஒருத்தியா எப்படிப் பாப்ப?" பதில் அடிப்பதற்குள் இன்னொன்று வந்தது: "நாளைக்கு ராத்திரியே வந்துடறேன்."

ஆகஸ்ட் 10, சனி

எழுத நேரமில்லை. எட்டு மணிக்குப் பிள்ளைகள் பூங்கா வாசலில் நிற்பார்கள், நடைபாதையில் அழிந்துபோன கோட்டை இன்னும் மறுபடி போடவில்லை, நான் இன்னும் குளிக்கவில்லை. குளியலறையில் அரை மணி நேரமாக அவள். மூன்று தடவை தட்டியாயிற்று. "ரெண்டே நிமிஷம்மா" என்கிறாள்.